முருகன் படமும் நாலு குழாயும்

கடையை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இன்னமும் தெருவில் ஏதாவது ஒரு வண்டி செருமிக்கொண்டு போனால் என் கை தானாக மேல்தட்டுக்குப் போகிறது. "அங்கிட்டு ஊறுகா ஜாடிதான் இருக்கு" என்கிறாள் என் வீட்டுக்காரி.

போன மாதம் மெக்கானிக் சங்கத்திலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். சங்க மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். அதில் ஒருவர், "இப்ப ஒடஞ்ச சாமான போட்டோ புடிச்சுப் போட்டா மூணாம் நாள் வாசல்ல வந்து நிக்குது. நீங்கள்லாம் எப்படிண்ணே தேடுனீங்க?" என்று கேட்டார். நாங்கள் தேடவில்லை, விசாரித்தோம் என்றேன். தேடுவது தனியாகச் செய்கிற வேலை. விசாரிப்பதற்கு நாலு மனிதர் வேண்டும், நாலு டீ வேண்டும். ஆலங்குடிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் சொல்லுவார்: "வழி கேக்காம போறவன் வெரசாத்தான் போவான், ஆனா வேற ஊருக்கு." அவர் பெயர் மறந்துவிட்டது. சொன்னது மறக்கவில்லை. எனக்கு மனிதர்கள் பேச்சாகத்தான் மனதில் தங்குவார்கள்.

நான் படித்தது ஒன்பதாவது வரை. அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வந்து, கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் சேர்ந்தேன். முதல் ஏழு வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மூன்று வருஷம் தூசி தட்டினேன், இரண்டு வருஷம் டீ வாங்கினேன், இரண்டு வருஷம் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்திருந்ததைப் படித்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். அதனால் என்னுடையது பெட்டி இங்கிலீஷ். 'இந்தப் பக்கம் மேலே', 'ஈரம் படாமல் வைக்கவும்', 'கவனமாகக் கையாளவும்'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடத்தலாம். நான் நடத்தியிருக்கிறேன்.

முதலாளி பெயர் ராமநாதன். 'இல்லை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "வரும்" என்பார். எப்போது வரும், எங்கிருந்து வரும் என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் கேட்டு வந்தவர் பாதிச் சாமானைக் கையில் வாங்கிக்கொண்ட முகத்தோடு திரும்பிப் போவார். என்ன வண்டி என்று முதலாளி கேட்க மாட்டார். உடைந்த சாமானைக் கையில் வாங்கித் தூக்கி எடை பார்ப்பார். நகத்தால் சுரண்டுவார். ஒருமுறை மோந்து பார்ப்பார். பிறகு உள்ளே போய்ச் சரியான பெட்டியோடு வருவார். வாயால் அடையாளம் சொல்லி வாங்க வருகிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "சாம்பிள் இல்லாம சாமியே வந்தாலும் நமக்கு அடையாளம் தெரியாதுங்க."

கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். டீ வாங்கித் தருவார். தவறு சின்னதென்றால் டீ. பெரிதென்றால் டீயோடு வடை. ஒருமுறை நான் தப்பான பேன்பெல்ட்டைக் கொடுத்தனுப்பி, ஒரு வேன் மூன்று குடும்பத்தோடும் காதுகுத்துக்குத் தயாரான ஒரு கிடாயோடும் திருமயத்து வெயிலில் நின்றுபோனது. அன்று எனக்கு இரண்டு வடை வந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், முதலாளி தங்கமான மனுசன், வந்த வாரமே வடை வாங்கித் தாராரே என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு இருப்போம்.

இப்போது சொல்ல வந்த கதைக்கு, ஒரு டீச்சரின் காருக்கு, வருகிறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். லோகநாயகி டீச்சர் திருக்கோகர்ணத்தில் தனியாக இருந்தார்கள். வயது எழுபதுக்கு மேல். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், மீதிப் பேருக்குக் காதைத் திருகியவர்கள். எங்கள் முதலாளிக்கு இரண்டும் கிடைத்திருந்தது. டீச்சரிடம் சீமையில் செய்த பழைய கார் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டுக்காரர் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சும்மா கிடந்ததை வாங்கி ஓட்டியது. அவருக்குப் பின் டீச்சரே ஓட்டினார்கள். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. பெயரைச் சொன்னால் உங்களில் யாருக்கும் தெரியாது, அதனால் சொல்லவில்லை. பச்சை நிறம், முட்டைக்கண் விளக்கு. ஊருக்குள் தவளைக் கார் என்பார்கள். டீச்சர் காதுபட யாரும் சொன்னதில்லை.

அந்தக் காரின் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு வெடித்துவிட்டது. எஞ்சினின் நாலு வாயிலிருந்தும் வருகிற புகையை ஒன்றாகச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய் அது. ஏற்கெனவே மூன்று இடத்தில் பற்றவைத்தது. ஒட்டுப்போட்ட சட்டியில் எத்தனை நாள் உலை வைக்க முடியும்? புகை பின்னால் போகாமல் காருக்குள்ளேயே வந்தது. ஒருநாள் திருவரங்குளம் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் டீச்சருக்குத் தலை சுற்றி, வண்டியை ஒரு வைக்கோல்போரில் சாத்தி நிறுத்தினார்கள். போர்க்காரர் கம்போடு ஓடி வந்திருக்கிறார். உள்ளே யார் என்று பார்த்ததும் கம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வணக்கம் டீச்சர்" என்றாராம்.

விஷயம் பெங்களூரில் இருந்த மகனுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். காரின் ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டிய தேதி அடுத்த மாதம் வந்தது. ஆர்.டி.ஓ. சோதனையில் பாஸானால் வண்டி இருக்கட்டும், இல்லையென்றால் சென்னையில் விலைக்குக் கேட்கிற ஆளுக்கு லாரியில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவும் மகனும் கைகுலுக்கிக்கொள்ளாத குறையாக இதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

டீச்சர் வெடித்த குழாயை ஒரு மஞ்சள்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்கு வந்தார்கள். முதலாளி எழுந்து நின்றார். டீச்சர் சுருக்கமாகச் சொன்னது இதுதான்:

"ஆட்டோன்னா ஆள் கூப்புடணும். பஸ்ஸுன்னா நேரம் பாக்கணும். மகன்னா அனுமதி கேக்கணும். காருக்கு சாவி போதும். அதயும் ஏத்திவிட்டுட்டா நான் வீட்டோட கெடக்கணும். புரியுதா ராமநாதா?"

"வரும் டீச்சர்" என்றார் முதலாளி.

"என்ன வரும்?"

"சாமான் வரும் டீச்சர்."

அவர்கள் போனபின் குழாயைத் தூக்கிப் பார்த்தார், சுரண்டினார், மோந்தார், உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். அப்படி அவர் வந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "காளிமுத்து, நீ கெளம்பு" என்றார்.

கிளம்பினேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி பழைய இரும்புக் கடைகள் ஒன்று பாக்கி இல்லை. ஒரு கடைக்காரர் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி என்னை மூன்று நாள் நடக்கவைத்தார். மூன்றாம் நாள்தான் அவர் பார்த்தது என் கையில் இருந்த இதையேதான், முதல் நாள் நான் காட்டியபோது, என்று தெரிந்தது. காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே உண்மையாகவே ஒன்று இருந்தது. அதே வார்ப்பு, அதே நாலு வாய். சுவரில் மாட்டி, நாலு வாயிலும் மண் போட்டு மணிபிளான்ட் வளர்த்திருந்தார்கள். மேனேஜரிடம், ஐயா இது கார் சாமான் என்றேன். அவர் கோபித்துக்கொண்டார். அது அந்தக் காலத்து அரண்மனை வாத்தியக் குழல் என்று வருகிற விருந்தாளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்களாம். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு இலையை விலக்கிப் பார்த்தேன். அதுவும் வெடித்துத்தான் இருந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது வார்ப்பிரும்புக்குப் பொருந்தாது.

முதலாளியின் மருமகன் போனில் தேடிப் பார்த்தார். அமெரிக்காவில் ஒன்று இருந்தது. வார்ப்பு இல்லை, எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து வெளிக் கம்பெனி செய்தது. அதற்கு ஹெட்டர் என்று பெயர். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெக்கானிக் ஜபருல்லா பாய்தான் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். ஆலங்குடி ரோட்டில் அவர் ஷெட். டீச்சர் காரை இருபது வருஷமாக அவர்தான் பார்த்துவந்தார். "இது ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற ஊருக்குச் செஞ்சது. நம்ம வண்டில இந்தக் கொழாய் வர்ற எடத்துலதான் ஸ்டியரிங் ராடு வருது. வேணும்னா டீச்சர இங்கிட்டு ஒக்காந்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். யாரும் போய்ச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் படத்திலிருந்துதான் பாய்க்கு யோசனை வந்தது. அவர் சொன்னதை நான் அன்றே மனதில் எழுதிக்கொண்டேன்: "கெடைக்காததக் கெடைக்காதுன்னு ஒத்துக்கிட்டாப் பாதி வேல முடிஞ்சுது, காளிமுத்து. மீதிப் பாதியச் செஞ்சுக்கலாம்." திருவெறும்பூர்ப் பக்கம் செல்லையா என்று ஒரு வெல்டர் இருந்தார். பெரிய பாய்லர் குழாய்களையே பற்றவைத்த கை. அளவு கொடுத்தால் நம் வண்டிக்கு ஏற்ற மாதிரி ஹெட்டரைப் புதிதாகச் செய்துவிடுவார். அளவு எடுத்து அனுப்புவது என் பொறுப்பு என்று முடிவானது.

இந்த அளவு எடுக்கிற வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் தவறி விழுந்தது அங்கேதான்.

எஞ்சின் முகத்தில் நாலு ஓட்டை, புகை வருவதற்கு. சுற்றிலும் போல்ட் ஓட்டைகள். இதை ஸ்கேலால் அளந்தால் நூல் பிசகும். கெட்டியான அட்டையை எஞ்சின் முகத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, உருண்டைத்தலைச் சுத்தியலால் ஓட்டையின் விளிம்பில் சின்னச் சின்னதாகத் தட்ட வேண்டும். அடி பலமாக விழக்கூடாது, குழந்தை முதுகில் தட்டுகிற மாதிரி. விளிம்பு அட்டையை அறுத்துக்கொண்டே வரும். முதலில் ஒரு ஓரத்துப் போல்ட் ஓட்டையைத் தட்டி, அதில் போல்ட்டை மாட்டிவிட வேண்டும். பிறகு மறு ஓரம். அப்போதுதான் அட்டை நகராது. நடுவில் உள்ளதெல்லாம் கடைசியில். முடிந்ததும் எஞ்சின் முகம் அப்படியே அட்டையில் இருக்கும்.

எங்கள் கடையில் இதற்குக் காலண்டர் அட்டைதான். தினசரித் தாள் கிழிக்கிற பெரிய காலண்டர். வருஷம் முடிந்தாலும் மேலே சாமி படம் இருப்பதால் யாரும் குப்பையில் போட மாட்டார்கள். அடுக்கி வைத்திருப்போம். அன்று கைக்கு வந்தது முருகன். வேலும் மயிலுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாய் ஷெட்டில் அட்டையை எஞ்சினில் வைக்கப் போனபோதுதான் சங்கடம் புரிந்தது. படம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் முருகன் முகத்தில் சுத்தியலால் அடிக்க வேண்டும். உள்பக்கம் திருப்பினால் முகம் கரியிலும் ஆயிலிலும் அழுந்தும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாயைப் பார்த்தேன். அவர் சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"ஒங்க சாமி. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் நடுவுல வரல."

வேறு அட்டை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுக்கப் போனேன். அடுத்தது மகாலட்சுமி. அதற்கடுத்தது குடும்பத்தோடு சிவபெருமான். கடைசியில் கரி துடைத்தால் போய்விடும், சுத்தியல் அடி போகாது என்று தீர்மானித்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, படத்தை எஞ்சின் பக்கம் திருப்பி வைத்து, வெறும் அட்டைப் பக்கத்தில் தட்டினேன். பிசகே இல்லாமல் வந்தது. குழாய்கள் எஞ்சினிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வண்டியின் பின்பக்கம் வளைய வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டு அதோடு வைத்துச் செல்லையாவுக்குப் பார்சல் போட்டேன்.

இந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று அட்டையில் ஒரு வார்த்தை எழுதவில்லை. பெட்டிகளில் அந்த மாதிரி வரியைப் படித்துத்தான் எனக்கு இங்கிலீஷே வந்தது என்பதை இங்கே மறுபடி சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஹெட்டர் வந்தது. வியாழக்கிழமை சோதனை. வந்தது செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த நாள், நல்ல சகுனம் என்று நானே எல்லாரிடமும் சொன்னேன். பார்க்க அவ்வளவு அழகு. வெள்ளி மாதிரி பளபளப்பு, நாலு குழாயும் பின்னல் ஜடை மாதிரி சேர்ந்து ஒன்றாயிருந்தன. முதலாளியே ஷெட்டுக்கு வந்து அதைத் தூக்கிப் பார்த்து மோந்தார். பாய் எஞ்சினில் வைத்தார். ஓட்டை சேரவில்லை. கொஞ்சம் நகர்த்தினார். சேரவில்லை. சாமானைத் தலைகீழாகச் சுற்றிப் பிடித்தார். எல்லா ஓட்டையும் கச்சிதமாகச் சேர்ந்தது.

சேர்ந்தது, ஆனால் குழாய்கள் கீழே, பின்னால் போகவில்லை. மேலே, முன்னால் போயின. பானெட்டைத் திறந்து வைத்த அந்தக் கார், தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிற யானை மாதிரி நின்றது.

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்படியே பானெட்டில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் மழைக்காலத்தில் மட்டும்தான் சிரமம் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு எதிர்க்கடைக்குப் போய்விட்டு வந்தார். டீ, மூன்று வடை.

அந்த நேரம் பார்த்து டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். காரைப் பார்த்தார்கள். வடையைப் பார்த்தார்கள். ஹெட்டரோடு திரும்பி வந்திருந்த முருகன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். முருகன் முகம் சுத்தமாகத் துடைத்து, நெற்றியில் விபூதி குங்குமம் வைத்திருந்தது. அது நான் வைத்ததில்லை.

"ஒன் வெல்டர் சாமி படம் மேல தெரியறாப்ல வச்சு வரஞ்சிருக்கான். நீ கீழ கவுத்து வச்சுத் தட்டியிருக்க. வலது கால் செருப்பு எடது கால் செருப்பாயிருச்சு" என்றார்கள் என்னிடம். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்கள். "இது எட்டாங்கிளாஸ் பாடம். நடத்துன அன்னிக்கு நீ வந்தியா ராமநாதா?"

"காச்சல் டீச்சர்" என்றார் முதலாளி. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய லீவுக்கு அவர் அப்படி உடனே காரணம் சொன்னதைப் பார்த்தால், பொய் என்றுதான் தோன்றியது.

டீச்சர் சிரிக்கவில்லை. கார் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். "நாளைக்குள்ள சரியாகுமா ஆகாதா? ஆகாதுன்னா சொல்லிரு. நானே மகனுக்குப் போன் போட்டு லாரிய வரச் சொல்லிர்றேன். அவன் வாயால கேக்குறதுக்கு அது தேவல."

"வரும் டீ..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"வரும்னு சொல்லாத. எத்தன மணிக்குன்னு சொல்லு."

நான்தான், நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வடையின் வேகமாக இருக்கலாம்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஹெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாமான் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறேன். இதற்கு வந்த மரியாதை எதற்கும் வந்ததில்லை. கண்டக்டர் இதற்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கோயில் சாமானா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்றை மூக்கில் வைப்பார்கள் என்று எல்லாருக்கும் விளக்கினார். முன் சீட்டு அம்மா திரும்பி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாலு அடுப்புக்கு ஒரே கேசு சிலிண்டரா தம்பி?" என்றார். கீரனூர் வரும்போது ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

செல்லையா என்னைப் பார்த்ததும் தகராறுக்குத் தயாராகிவிட்டார். நான் அட்டையை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முகமெல்லாம் கரியா வந்துச்சு அண்ணே. மனசு கேக்கல. தொடச்சு, விபூதி வச்சுத்தான் வேலையவே ஆரம்பிச்சேன். சாமி மொகத்தக் கவுத்துப் போட்டு நான் எப்படி வரைவேன்?"

"நான் மட்டும் சாமி மொகத்துல எப்படிண்ணே அடிப்பேன்?"

இரண்டு பேரும் சற்று நேரம் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தோம். குற்றம் சொல்ல ஆள் கிடைக்காத சண்டை எத்தனை நேரம் நடக்கும்? இரண்டு பக்கமும் பக்தி, நடுவில் டீச்சர் கார். செல்லையா எழுந்து சட்டையை மாட்டினார். இனி அட்டையை நம்பி வேலை செய்யப் போவதில்லையாம். எஞ்சினைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கட்டிங் மெஷின், அரம், கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். ஹெட்டரை அவர் மடியில் வைத்துவிட்டேன். இந்தமுறை கேள்விகளுக்கு அவர்தான் பதில் சொன்னார்.

ஷெட்டில் அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். நாலு குழாயையும், எஞ்சின் முகத்தில் உட்காருகிற அடித்தட்டோடு ஒட்டின இடத்தில் அறுத்து எடுத்தார். பழைய ஒட்டை அரம் போட்டு மட்டமாக்கி, தட்டைத் திருப்பிச் சரியான முகத்தோடு எஞ்சினில் போல்ட் போட்டு இறுக்கினார். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக அதன் இடத்தில் பிடிக்கச் சொல்லி பற்றவைப்பில் ஒரு பொட்டு, ஒரு பொட்டாக வைத்தார். எஞ்சினின் முன்பக்க ஓட்டைகளுக்கு இடைவெளி அகலம், பின்பக்கம் குறுகல். அதனால் நடுக் குழாய் இரண்டும் விரற்கடை எட்டவில்லை. அதற்குத் துண்டு வெட்டி ஒட்டுப் போட்டார். ஸ்டியரிங் ராடுக்கும் குழாய்க்கும் நடுவே பாய் தன் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். நுழைந்தது. எல்லாம் சரி என்றபின் கழற்றி, முழுதாகப் பற்றவைத்து, மறுபடி மாட்டினார்கள். மணி ஐந்தே கால். டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதிரி அவர்கள் விட்டுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை என்றார் முதலாளி.

வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. மைதானத்தில் நாங்கள் எல்லாரும் நின்றோம். கடையைக் கணக்குப்பிள்ளை பொறுப்பில் விட்டுவிட்டு முதலாளியும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர். எஞ்சின் நம்பர், விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். "ஓட்டுறது யாருங்கம்மா?" என்று கேட்டார். டீச்சர் கையில் இருந்த சாவியைக் காட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

வண்டி பிடித்தது. சத்தம் பழைய மாதிரி இல்லை. முன்பு சளிப் பிடித்த கிழவர் மாதிரி இருமும். இப்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கார்வை வந்தது. இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சத்தம் கூட இருக்கே" என்றார்.

முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரிந்திருக்காது. இன்ஸ்பெக்டர் சுற்றிவந்து குனிந்தார். குழாய் நெடுகக் கையை அருகில் கொண்டுபோய்ப் புகை கசிகிறதா என்று பார்த்தார். சத்தம் அளக்கிற மீட்டர் வைத்தார். அதைப் பார்த்தார், எழுதினார், மறுபடி பார்த்தார். பிறகு டீச்சர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். டீச்சர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சைகை காட்டிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்த பைக்குகள் எல்லாம் ஓரம் கட்டி நின்றுவிட்டன.

திரும்பி வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர், "கைச் சைகையெல்லாம் நான் புத்தகத்துலதாங்க பாத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் தாளை இரண்டுமுறை படித்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்கள். மகனுக்குப் போன் போட்டு, "பாஸாயிட்டேன்டா" என்றார்கள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல, நிறைய நேரம் கேட்டுவிட்டு, சரிப்பா, சரிப்பா என்று வைத்துவிட்டார்கள். பிறகு எங்களைப் பார்த்து, ஏறுங்கள் என்றார்கள்.

முதலாளி முன் சீட்டில். நானும் பாயும் செல்லையாவும் பின்னால். கடையில் இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தோம். வண்டி வீதிக்குள் நுழைந்தது. எங்கள் கடை போர்டு வந்தது. கணக்குப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார். அவரும் போர்டோடு சேர்ந்து ஜன்னலில் பின்னுக்குப் போனார்.

"டீச்சர், கடை..." என்றார் முதலாளி.

"பாத்தேன்."

வண்டி ஊரைத் தாண்டி அரிமளம் ரோட்டில் திரும்பியது. இருபக்கமும் தைலமரங்கள். டீச்சர் கியரை மாற்றினார்கள். உள்ளே துளிப் புகை இல்லை. வெளிக்காற்று வந்தது. முதலாளி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாக, நாம் எங்கே போகிறோம் என்று கேட்டார்.

"அந்தக் கேள்விய யாரும் கேக்காம இருக்கணும்னுதான் கார் வச்சிருக்கேன், ராமநாதா."

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.